கும்மி வட்டமும் திண்ணையும்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கரகாட்டக் கலைஞர் ஒருவருடன் ஓர் இரவு முழுவதும் இருந்துவிட்டு வந்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒற்றை ஆளாக நின்று ஓர் ஊரையே விடியும்வரை விழித்திருக்க வைக்கிறாள் என்று வியந்திருந்தீர்கள். எனக்கு வியப்பு வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். 18 ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை. எங்கள் பகுதியில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி மீண்டும் உயிர்பெற்றிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நாயகி என்று தனியாக ஒருத்தி கிடையாது. எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஒரே அடி வைக்கிறார்கள். கூடி ஆடிய காலத்தில் ஊர் ஒன்றாக இருந்தது. தனித்தனியாக ஆடத் தொடங்கியபோது ஊர் சிதறியது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டுத் திருமணம் என்றாலும் பாட்டைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு ஒரு மூலையில் குதிக்கிறார்கள்; அதையும் தாங்களே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கூட்டு நடனம் சமத்துவம், தனி நடனம் தன்முனைப்பு என்பதே என் எண்ணம். நாட்டுப்புறக் கலையை நேசிக்கும் நீங்கள் தனியாட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது சரியா?

இன்னொன்று. பதினான்கு வயதாகும் என் மகள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் வள்ளி கும்மி பழகி அரங்கேற்றத்தில் ஆடப்போகிறாள். கூடப் படிக்கும் தோழியும் வந்து ஆட ஆசைப்பட்டாள். அது நம்மவர்கள் ஆடுவது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழக்கம். ஆனால் மகள் இரண்டு நாட்களாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்கு நம் மரபின் அருமையை எப்படிப் புரியவைப்பது என்றும் எழுதினால் நன்றாக இருக்கும்.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், பெங்களூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, கரிசல் காடு. பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் முளைப்பாரி போடுவார்கள். பயறுகளை ஊறவைத்து, எருவும் மண்ணும் நிரப்பிய சட்டிகளில் தூவி, வெளிச்சம் படாத ஒரு வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். ஒவ்வோர் இரவும் அடுப்படி வேலை முடிந்ததும் பெண்கள் அந்த வீட்டு வாசலில் கூடிக் கும்மி கொட்டுவார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது, கைதான் தாளம். ஒருத்தி தன்னானே போட்டு எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, வலக்காலை உள்ளே வைத்து எடுத்து ஓரடி நகர்வு. எட்டு வயதில் நான் அந்த வட்டத்தில் நுழைந்த முதல் இரவில் எனக்கு முன்னால் ஆடிய அக்காவின் சடையைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். சடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நானும். அரை மணி நேரத்தில் கால் தானாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கை சிவந்து, மூச்சு வாங்கி, என் குரல் எது அடுத்தவள் குரல் எது என்று தெரியாமல் போகும் ஒரு நேரம் வரும். நீங்கள் சொல்லும் இன்பம் எனக்குத் தெரியாதது இல்லை. அதற்கு ஈடாக வேறொன்றை நான் பிறகு கண்டதும் இல்லை.

அந்தக் கும்மிப் பாட்டுகளில் பாதிக்கு மேல் என் அத்தைக்குத்தான் முழுதாகத் தெரியும். அப்பாவின் தங்கை. இருபத்து மூன்று வயதில் கணவரை இழந்தவர். அதனால் வட்டத்துக்கு வரமாட்டார், வரக்கூடாது. எதிர்வீட்டுத் திண்ணையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பாட்டுக்காரி அடி மறந்து தடுமாறும்போது திண்ணையிலிருந்து அடுத்த அடி வரும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வந்த அடியை வாங்கிக்கொண்டு வட்டம் சுற்றும். அத்தையின் வலது கை மட்டும் ஓசை எழாமல் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

அதே ஊரில் கீழத்தெருப் பெண்கள் தங்கள் முளைப்பாரியைத் தங்கள் தெருவிலேயே வளர்த்து, அங்கேயே கும்மி கொட்டினார்கள். அவர்கள் பாட்டும் எங்கள் பாட்டும் ஏறக்குறைய ஒன்று. இரவில் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அவர்களுடைய கொட்டு எங்களுக்குக் கேட்கும். கடைசி நாள் முளைப்பாரியைக் கரைக்க எல்லோரும் போனது ஒரே கண்மாய்க்கு. ஆனால் வேறு நேரம், வேறு கரை.

கூடி ஆடிய காலத்தில் ஊர் ஒன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றியது அதனால்தான். உள்ளே நின்று ஆடிய எட்டு வயதுப் பெண்ணுக்கு ஊர் ஒன்றாகத்தான் தெரிந்தது. திண்ணையில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு வகை ஆட்டத்தையும் ஒரே நூலுக்குள் வைத்துக் காட்டும் காப்பியம் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும்போது மேடையின் அளவு முதற்கொண்டு சொல்லப்படுகிறது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். ஆடலில் சிறந்தவர்களுக்குத் தரும் தலைக்கோல் பட்டம் கிடைத்தது, 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையும் கிடைத்தது. அந்த மாலையை ஒரு கூனி எடுத்துப் போய் நகரத்து இளைஞர்கள் திரியும் தெருவில் விற்பவளைப் போல நின்றாள், கோவலன் வாங்கினான். மாதவிக்குப் பேர் வந்த கையோடு விலையும் வந்துவிட்டது. மதுரைக்கு வெளியே ஆயர் பாடியிலோ மேடையும் இல்லை, பொன்னும் இல்லை. குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, ஏதோ கேடு வருகிறது என்று, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி குரவைக் கூத்துக்கு ஆள் சேர்க்கிறாள். ஏழு பெண்கள் நிற்கிறார்கள். நின்றதும் அவரவர் பெயர் போய்விடுகிறது; குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர் வந்துவிடுகிறது. நீங்கள் ஏங்கும் ஒன்றிப்போதலை இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே கண்ணகியும் இருக்கிறாள். கண்ணகி காணட்டும் என்று சொல்லித்தான் மாதரி குரவையைத் தொடங்குகிறாள். வரப்போகும் கேடு யார் தலையில் விழப்போகிறதோ அவள் வட்டத்துக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு எங்கள் எதிர்வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. தமிழாசிரியரிடம் சொல்லத் துணிவில்லை.

இனி கரகாட்டம். அதை ஆடுபவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நான் எழுதவில்லை, மீண்டும் படித்துப் பாருங்கள். சாமிக்குச் சக்திக் கரகம் எடுத்து வருபவரின் காலில் ஊர் தண்ணீர் ஊற்றிக் கும்பிடும். அதே திருவிழாவின் இரவில் ஆட்டக் கரகம் எடுத்து ஆடுபவரைத் தெருவோரம் உட்காரவைத்துச் சோறு போடும். நான் உடனிருந்த அந்தக் கலைஞர், நையாண்டி மேளம் உச்சத்தில் அடிக்கும்போது தலைக் கரகம் அசையாமல் வளைந்து, தரையில் கிடந்த ஊசியைக் கண்ணிமையால் எடுத்தார். எடுத்து நிமிர்ந்த மறுகணமே முன்வரிசை இளைஞன் ஒருவன் ரூபாய் நோட்டைக் குத்துவதற்கு ஊக்கோடு எழுந்து வந்தான். அவர் சிரித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி விலகிப் போனதையும் பார்த்தேன்; அதுவும் ஆட்டத்தின் ஓர் அடவு போலத்தான் இருந்தது. மாசி முதல் ஆடி வரை நாள் தவறாமல் ஆட்டம், மற்ற மாதங்களில் கடன். தனியாட்டத்துக்குக் காசு கொடுப்பவன் அதற்குமேலும் கேட்கிறான் என்பது உண்மையே. ஆனால் அவர் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியது அந்தக் காசு. எங்கள் ஊர்க் கும்மி வட்டம் என் அத்தைக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

கூட்டாட்டம் என்றால் சமத்துவம் என்று எழுதும்போது பறையாட்டம் உங்கள் நினைவுக்கு வந்ததா? அதுவும் கூட்டாட்டம்தான். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிம்புக்குச்சியுமாக, வரிசையாக நின்று, ஒரே அடிக்கு எல்லோரும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாகத் திரும்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு இவர்கள் சமமாக நிற்கிறார்கள் என்று யாரேனும் எழுதினால், வரிசைக்குள் சமம்தான். ஆனால் அந்த வரிசையே ஊரின் கட்டளைக்கு நின்ற வரிசை. சாவு வீட்டில் அடி என்றால் அடிக்க வேண்டும். கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்க வேண்டும். இனி அடிக்கமாட்டோம் என்று சொன்ன கிராமங்களில் அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு, ஊர் விலக்கம் பட்டவர்கள் உண்டு. பறையைத் தொடவே கூடாது என்று ஒரு தலைமுறை முடிவெடுத்ததும் அதனால்தான். 1990-களில் தலித் கலைவிழாக்கள் வழியாக அதே கருவி வேறு பொருளோடு மேடை ஏறியது. மரபில் பெண்கள் தொடாத பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் எடுத்து ஆடினார்கள். இன்று சென்னைப் பூங்காக்களில் ஞாயிறு காலையில் கணினி வேலை பார்ப்பவர்கள் காசு கொடுத்துப் பழகுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆட்டம் அன்றும் கூட்டாட்டம், இன்றும் கூட்டாட்டம். கால் வைப்பில் பெரிய மாற்றம் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வந்தது, அதற்குப் பிறகு வேண்டும் என்று சொல்வதற்கும் பொருள் வந்தது.

(கூட்டாகச் செய்யும் கலைக்கு விருது கொடுக்கும்போது அரசு ஒரு பெயரைத்தான் கேட்கிறது என்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். எட்டுப் பேர் அடிக்கும் பறைக்கு ஒரு பதக்கம். எனக்கு அதில் பெரிய குறை இல்லை. ஒருவருடைய பெயர் வெளியே தெரிந்தால்தான் மற்ற ஏழு பேருக்கும் மேடை கிடைக்கிறது.)

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது நாட்டுப்புற நடனத்துக்கு அரசு ஆதரவு தாராளமாகவே கிடைத்தது. மாஸ்கோவில் இகோர் மாய்சேயெவ் 1937-ல் தொடங்கிய நாட்டுப்புற நடனக் குழுதான் அச்சு. அந்த அச்சில் குழு குழுவாக வார்த்தார்கள். ஒரே உடை, ஒரே நேரத்தில் ஒரே கால், ஒரே புன்னகை. உங்கள் வரையறைப்படி சமத்துவத்தின் உச்சம். அங்கிருந்த இளைஞர்களுக்கு அது மூச்சு முட்டியது. ருமேனியாவுக்குள் இருந்த திரான்சில்வேனியாவின் ஹங்கேரியக் கிராமங்களில் வேறொரு வழக்கம் உயிரோடு இருந்தது. சேக் என்ற ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, இசைக்காரர்களுக்குக் கூலி கொடுத்து ஆடுவார்கள். அதற்குத் தாஞ்ச்ஹாஸ், ஆட்டவீடு என்று பெயர். இந்தக் கிராமங்களில் ஒரே இசைக்கு ஆடுபவர்கள் அந்தந்தக் கணத்தில் தங்கள் போக்குக்கு அடியைக் கோத்துக்கொண்டு போவார்கள். அந்த அடிகளுக்குள் இருந்த இலக்கணத்தை மார்ட்டின் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து, பிரித்து எழுதினார். 1972 மே 6 அன்று புடாபெஸ்டில் நான்கு நடனக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள், பார்வையாளர் யாரும் இல்லாமல், தங்களுக்காக மட்டும் அப்படி ஆடினார்கள். முதலில் அது குழுக்காரர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. பிறகு பார்டோக் குழுவை நடத்திய ஷாண்டோர் டீமார் போன்றவர்கள், தெரியாதவர்களும் வந்து பழகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்த பிறகுதான் அது நாடு முழுவதும் பரவியது. 2011-ல் யுனெஸ்கோ அதை, மரபைக் காக்கும் முன்மாதிரி முயற்சிகளில் ஒன்றாகச் சேர்த்தது. கூட்டம் கூட்டமாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் கால் தன்னுடையது.

நம் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒலிநாடாவுக்கு ஆடும் நாட்டுப்புற நடனம் ஏன் செத்துக் கிடக்கிறது என்று யோசித்தபோதெல்லாம் எனக்கு இந்த மாஸ்கோ அச்சுதான் தோன்றும். ஆயிரக்கணக்கானவர்களை மைதானத்தில் நிறுத்தி, சாதனைச் சான்றிதழுக்காக மேலே கேமராவைப் பறக்கவிட்டு எடுக்கும் கும்மிகளும் அப்படியே. மேலிருந்து பார்த்தால் கோலம் போல அழகாக இருக்கிறது. எங்கள் முளைப்பாரிக் கும்மியிலோ ஒருத்தி பாட்டைத் திடீரென்று மாற்றி, எதிரே நிற்கும் மதினியைக் கேலி செய்து ஓர் அடி கட்டுவாள். மதினி அடுத்த சுற்றில் பதில் கட்டியே ஆக வேண்டும். பஞ்சாபில் பெண்கள் ஆடும் கித்தாவில்கூட வட்டம் கைதட்ட, ஒருத்தியோ இருவரோ நடுவில் வந்து தங்கள் பாட்டைச் சொல்லி ஆடிவிட்டு மீண்டும் வட்டத்துக்குள் போய்விடுவார்கள். நல்ல கூட்டாட்டம் எதிலும் தனியாளுக்கு ஓர் இடம் விட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் இரண்டாகப் பிரிப்பது ஆடுகிறவர்கள் பிரித்ததில்லை.

வள்ளி கும்மிக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருந்துறைப் பக்கம் ஓர் அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். ஒரே நிறத்துச் சேலையில் முந்நூறு பேராவது இருப்பார்கள். வாத்தியார் ஒலிபெருக்கியில் பாட, முதல் சுற்று மெதுவாகத் தொடங்கி, தினைப்புனத்துக்கு வள்ளி காவலுக்குப் போகும் இடத்தில் வேகம் பிடித்தது. எனக்கு அருகே ஆடிய ஓர் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். குனியும்போது பல்லைக் கடித்தார், நிமிரும்போது சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்த ஆட்டம் நீண்ட காலம் ஆண்களின் கையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற, அப்போது 87 வயதான கோவை மாவட்டத்துப் பத்திரப்பன், அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கு வள்ளி ஒயில் கும்மி கற்றுக்கொடுத்தவர். விருதுக் குறிப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழக்கம் என்று அவரும் சும்மா இருந்திருந்தால், உங்கள் மகள் இன்று வட்டத்துக்கு வெளியே நின்று அண்ணன் தம்பிகளுக்குக் கைதட்டிக்கொண்டிருப்பாள். நீங்கள் மரபு என்று சொல்லும் பாட்டி, பேத்தி வட்டமே ஒருவர் வழக்கத்தை மீறியதால் வந்தது.

பாட்டில் வரும் கதையையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்த பெண், குறமகள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தண்ணீர் கேட்கிறான், யானையைக் கூப்பிட்டுப் பயமுறுத்துகிறான். இவ்வளவும் எதற்கு? தன் குலத்தில் பிறக்காத பெண்ணை மணப்பதற்கு. அப்பனும் அண்ணன்மாரும் ஆயுதத்தோடு துரத்துகிறார்கள். இந்தக் கதையை மூன்று மணி நேரம் பாடி ஆடிவிட்டு, சில அரங்கேற்ற மேடைகளில் பெண் பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லி, சொந்தச் சாதியில்தான் மணம் முடிப்போம் என்று உறுதிமொழி எடுக்கவைத்த காணொளிகள் பரவின, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கரகாட்டத்தோடு சேர்த்து ஆடிவந்த குறவன் குறத்தி ஆட்டத்தை, ஒரு சமூகத்தை இழிவுசெய்கிறது என்று தமிழக அரசு 2023-ல் தடை செய்தது. மேடையில் குறத்தியைக் கேலி செய்ததும் நாம்தான், வட்டத்தில் குறத்தியைக் கும்பிட்டதும் நாம்தான். உங்கள் ஊரைப் பற்றி இதையெல்லாம் சொல்லவில்லை. ஆனால் ‘நம்மவர்கள் ஆடுவது’ என்ற சொல் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குஜராத்தின் கர்பாவை யுனெஸ்கோ 2023 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டைகள் இட்ட மண்பானைக்குள் விளக்கேற்றி அதைச் சுற்றி ஆடும் எளிய வட்டம் அது. இப்போது பெரிய மைதானங்களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாசலில் அடையாள அட்டையைச் சோதித்து இன்னாரை உள்ளே விடாதே என்று கேட்கும் அமைப்புகளும் இருக்கின்றன.

உங்கள் அடுக்குமாடித் திருமணங்களில் ஆளாளுக்கு ஒரு மூலையில் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு திருமண மண்டபத்தில் என் பெரியம்மா மகளைப் பார்த்தேன், வயது ஐம்பத்தெட்டு. திருமணத்துக்குப் பிறகு அவள் கை காலை அசைத்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் இழுத்துவிட்டதும் முதலில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தூண் மறைவில், யாரையும் பார்க்காமல், சினிமாப் பாட்டுக்குக் கும்மி அடியை வைக்க ஆரம்பித்தாள். தாளம் பொருந்தவே இல்லை. அவளுக்கு அந்த மூலை கிடைத்தது அன்றுதான். அதைத் தன்முனைப்பு என்று எழுத எனக்குக் கை வராது.

அத்தையைத் திண்ணையிலேயே விட்டுவிட்டேன். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவிகள் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் ஊருக்கு வந்தார்கள். கும்மிப் பாட்டு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். ஊரே என் அத்தையைக் கை காட்டியது. இத்தனை காலம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கூடத்தில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பாடவைத்தார்கள். ஒலிநாடா உறையில் ‘பாடியவர்’ என்று எழுதி அத்தையின் பெயரைக் கேட்டபோது, அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று. நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். அதன் பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி, எப்படி ஆடுவது என்று தெரியாமல் கேட்டுவிட்டாள். அத்தை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுக்கூடத்தில் தனியாகக் கும்மி கொட்டினார். ஒற்றை ஆளாகத்தான், ஆனால் வட்டம் கொஞ்சமும் பிசகவில்லை. முன்னாலும் பின்னாலும் ஆள் இருப்பது போல இடைவெளி விட்டு, எதிரே இருப்பவளுக்குத் தலையசைத்து, மூன்று சுற்று வந்தார். கதவுக்கு வெளியே யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. நிறுத்தாமல் நாலாவது சுற்றும் வந்தார். அது கூட்டாட்டமா தனியாட்டமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சரி, உங்கள் மகள். மரபின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தனக்குப் பிடித்ததைத் தன் தோழியும் ஆட வேண்டும் என்று நினைத்த பெண்ணுக்கு அது புரிந்திருக்கிறது. பேசாமல் இருப்பதும் அதனால்தான். ஊரில் யார் மறுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கும். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். பத்திரப்பன் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லுங்கள், வள்ளியின் குலத்தைச் சொல்லுங்கள். வாத்தியாரிடமும் தனியாகப் பேசுங்கள்; ஆட வருகிறவளைத் திருப்பி அனுப்ப வாத்தியார்களுக்குப் பொதுவாக மனம் வராது. எல்லாவற்றுக்குப் பிறகும் முடியாது என்றால், ஆடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். அவள் ஆடமாட்டேன் என்றால் கோபப்படாதீர்கள்.

விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவரை உங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சாயங்காலம் இருவரும் பழகட்டும். சிமென்ட் தரையில் குதித்து ஆடினால் குதிகால் வலிக்கும். கீழே பூங்கா இருந்தால் மண் தரை பார்த்துக் கொடுங்கள், இரண்டு பேருக்கும்.

அன்புடன்.